பெருமுக்கல் மலையில் இயந்திரச் சிப்பாய்கள்

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள் படுத்திருந்த ஈயச் சிப்பாய்களில் ஒருவனை இரண்டு விரலால் தூக்கினார். கட்டைவிரல் உயரம்தான். தலையில் மீன்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கவசம், கையில் ஒளிக்கதிர்த் துப்பாக்கி.

"இது இன்னா சார்?"

"பிரெஞ்சுப் படை."

"பிரெஞ்சுக்காரன் இப்டியா இருப்பான்?"

"இப்போதைக்கு இப்படித்தான் சார். அப்புறமா தொப்பி வெச்சிருவேன்."

சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் ஈயத்துக்குள் தங்கம் வைத்துத்தான் வருவான் என்பது அவருடைய சித்தாந்தம். பிரெஞ்சுப் படையின் முதுகை நகத்தால் சுரண்டினார், தட்டினார், கடைசியில் ஒரு அதிகாரியைக் கடித்தும் பார்த்தார். உள்ளேயும் ஈயம்தான் என்று தெரிந்ததும் நரை விழுந்த என் தலையையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். தங்கம் கொண்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

இது 1988 ஆடி மாதம். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சனிக்கிழமை மதியம் மட்டும் தளபதி. என்னைப் போல ஆறு பேர் ஒரு மாடியறையில் கூடி, மேசை மேல் மலையும் ஆறும் செய்து வைத்து, பொம்மைகளை நகர்த்திச் சண்டை போடுவோம். அங்குல நாடாவால் தூரம் அளப்போம், பகடை உருட்டி யார் செத்தான் என்று முடிவு செய்வோம். இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவளும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

எங்களிடம் இருந்த விதிப்புத்தகம் ஒன்றே ஒன்று. அது இன்னும் ஐயாயிரம் வருஷம் கழித்து நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கப்போகும் யுத்தத்துக்கானது. சங்கத் தலைவர் டெரன்ஸ், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் எஞ்சினியர். அந்தப் புத்தகத்தை வைத்தே பழைய சரித்திரச் சண்டைகளையும் நடத்திவிடலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒளிக்கதிர் போகும் தூரத்தை மூன்றில் ஒன்றாக வெட்டினால் அந்தக் காலத்து மருந்துத் துப்பாக்கி. பறக்கும் சைக்கிளைத் தரையில் இறக்கினால் குதிரை. மின்காந்தத் திரை என்று போட்டிருக்கும் இடத்தில் மண்சுவர் என்று எழுதிக்கொள்ள வேண்டும். "சண்டை என்றால் சண்டைதான், சாமான் மட்டும் மாறும்" என்பார். எங்களையெல்லாம் ஆண்டுவிட்டுப் போன நாட்டுக்காரர், தெரியாமலா சொல்வார்?

ஒவ்வொரு டிசம்பரிலும் ஆளுக்கொரு சண்டையை நடத்திக் காட்டுவோம். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு ஒரு வருஷம் பெரிய மேசையில் ஆடும் உரிமை. இந்தத் தடவை ஒரு பல் டாக்டர் ஸ்பானியக் கப்பல்களோடு தயாராக இருந்தார். நான் பெருமுக்கல் என்றேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மலைக்கோட்டை. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கோட்டையைக் காத்த சுபேதார் எங்கள் முப்பாட்டன்" என்றும் சொல்லிவைத்தேன். புத்தகத்தில் மாவீரன் அட்டை என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவன் மூன்று பேர் பலத்தோடு அடிப்பான், முதல் அடியில் சாகமாட்டான். அதை முப்பாட்டனுக்குக் கொடுத்தேன்.

"சான்று கொண்டு வா. இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் அட்டையைக் கிழித்துவிடுவேன்" என்றார் டெரன்ஸ்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் பிறந்து சிங்கப்பூரில் செத்த என் அப்பா, "நம்ம ஆளு கோட்டையில இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறார். சுபேதார் என்பது நான் போட்ட கூட்டல். விழுப்புரத்தில் ரயில்வே சரக்கு ஆபீஸில் இருக்கும் அத்தை மகன் தண்டபாணிக்கு எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: 'கோட்டையிலே கல்லிலே சுபேதார் பெயரே வெட்டியிருக்கிறது. நேரில் வரவும். வரும்போது ஒரு டூ-இன்-ஒன் எடுத்து வரவும்.' முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை.

என்னுடைய விதிகளில் நான் ரொம்பப் பெருமைப்பட்டது சிப்பாய் விஷயத்தில். இரண்டு படையிலும் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர், மீதி எல்லாம் நம் ஊர் சிப்பாய்கள். அத்தனை பேருக்கும் பயம், பசி, கோபம் என்று கணக்கு வைத்தால் ஆட்டம் பொங்கல் வரைக்கும் முடியாது. புத்தகத்தில் 'இயந்திர வீரன்' என்று ஒரு பிரிவு இருந்தது. சிப்பாய்களை அப்படியே அதில் போட்டுவிட்டேன். ஒரு அதிகாரி ஆறங்குலத்துக்குள் நின்றால் சொன்னதைச் செய்வான். அவர் தள்ளிப் போனால் நின்ற இடத்தில் நிற்பான். அடிபட்டால் பகடை உருட்டிக் கோளாறு அட்டவணை பார்க்க வேண்டும். ஒன்று விழுந்தால் அணைந்துவிடுவான். இரண்டுக்குப் பின்னோக்கி நடப்பான், மூன்றுக்குத் தன்னைத் தானே சுற்றுவான், நாலுக்குப் பக்கத்தில் இருப்பவனைச் சுடுவான். ஐந்தோ ஆறோ விழுந்தால் ஒன்றும் ஆகாது. என் முப்பாட்டன்தான் சுபேதாராயிற்றே, மற்றவன் எப்படிப் போனால் எனக்கென்ன?

முதல் நாள் விழுப்புரம். நாலு பக்கமும் ரயில் போகிற ஊர் என்று பெயர், இறங்குகிறவன் நான் ஒருவன்தான் போலிருந்தது. "வாங்க மச்சான்" என்று ஓடிவந்த தண்டபாணி முதலில் டூ-இன்-ஒன்னைக் கட்டிக்கொண்டான், அப்புறம் என்னை. ஆடி மாதமாதலால் தெருவுக்கு இரண்டு அம்மன், அம்மனுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். சிங்கப்பூரில் இந்தச் சத்தத்தில் பாதிக்கே அபராதம் கட்டிச் சொத்து போயிருக்கும். இவன் அதற்குப் போட்டியாக டூ-இன்-ஒன்னையும் முழுச் சத்தத்தில் வைத்தான். மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் கோழி, மறுநாள் காலை இட்லிக்கு மீன் குழம்பு. கோட்டையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "மொதல்ல துன்னுங்க மச்சான்" என்று இன்னொரு கரண்டி போட்டான்.

இரண்டாம் நாள் திண்டிவனம் கிளம்பினோம். சிங்கப்பூரில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். இங்கே பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு எங்கே விழுகிறதோ அந்த இடம் உங்களுடையது. கோர்ட் தீர்ப்பைக்கூட மேல்முறையீட்டில் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. தண்டபாணியிடம் துண்டு இல்லை. என் கையில் இருந்த பெட்டியைப் பிடுங்கி, பிரெஞ்சு, இங்கிலீஷ் இரண்டு படைகளையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினான்.

இடம் கிடைத்தது. ஏறத்தான் முடியவில்லை. படியில் தொங்கியவர்கள் மேல் தொங்கியவர்கள் மேல் நாங்கள் கை வைத்தபோது விசில் அடித்தது, பஸ் போய்விட்டது. "கவலப்படாதீங்க, நம்ம எடத்துல எவனும் ஒக்கார மாட்டான்" என்றான் தண்டபாணி. இருநூறு வருஷச் சரித்திரம் புழுதியில் மறைவதை நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் மேசை மேல் என் படை வரிசையாக நின்றது. சுற்றி இரண்டு டிரைவர், ஒரு முறுக்குக்காரர்.

"இன்னா சார், கொலு பொம்மையா? ஆடியிலயே கெளம்பிட்டீங்க?" என்றார் டைம்கீப்பர்.

எங்களை விட்டுவிட்டு வந்த பஸ்ஸின் கண்டக்டர் சத்தியம் செய்தார்: "கூட்டம் கழுத்த நெரிக்கிது சார், ஒர்த்தன் ஒக்கார்லியே. பொட்டி மட்டும் சொகமா ஒக்காந்துக்கினு வந்துச்சு."

பகடை மட்டும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு குழந்தை அவற்றை எடுத்து வாயில் போட்டதாம், தாய்க்காரி பிடுங்கி ஓங்கூருக்கு முன்னாலேயோ பின்னாலேயோ ஜன்னல் வழியே எறிந்துவிட்டாளாம். விழுப்புரத்திலிருந்து வருகிற பஸ் திண்டிவனத்தைத் தாண்டாமல் ஓங்கூரை எப்படிப் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. கிடைத்தவரை லாபம் என்று படையைக் கட்டிக்கொண்டு, ஒரு லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளோடு முகாம் போட்டேன். அவற்றுக்கு எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் பெருமுக்கல். மலை என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. மொட்டைப் பாறை, மேலே கோயில், அங்கங்கே இடிந்த சுவர். அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் ஏழெட்டுப் பெண்கள் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி அவர்களிடம் வழி கேட்டபோதுதான் அவன் இந்த மலைக்கு வந்ததே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கையிலிருந்தது முடிந்துவிட்டது, அடுத்த மூட்டை வரும்வரை வேலையில்லை என்று அஞ்சலை என்கிற பெண் எழுந்து கூட வந்தாள். நாற்பது வயதிருக்கும். நான் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன், அவள் நின்று வெற்றிலை போட்டாள்.

மேலே கோயில் சுவரில் ஏதோ எழுத்து இருந்தது. தண்டபாணி அதைத் தொட்டுக் கும்பிட்டு, "இதான் மச்சான் நம்ம சுபேதாரு" என்றான்.

"எங்கடா பேரு?"

"பூரா பேருதான்."

அஞ்சலை சிரித்துவிட்டாள். "அது சண்டக் கல்லு இல்லீங்க. மெட்ராஸ்லேர்ந்து ஒர்த்தரு வந்து பட்ச்சிட்டுப் போனாரு. கோயிலு வெளக்குக்கு ஆடு குட்த்த கணக்காம். ராசா காலத்துது."

கடல் தாண்டி வந்து ஆட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்டபாணியைக் கீழே தள்ளிவிட்டால் எத்தனை அங்குலம் உருளுவான் என்று யோசித்தது உண்மை. டிசம்பரில் டெரன்ஸ் அட்டையைக் கிழிப்பதும், பல் டாக்டர் பல்லைக் காட்டுவதும் கண்முன் வந்தன.

கீழே இறங்கியதும் என்னைச் சமாதானப்படுத்த, "அந்த ஆட்டத்தயாவது காட்டுங்க மச்சான், இவுங்களும் பாக்கட்டும்" என்றான் தண்டபாணி. உடைத்துப் போட்ட மல்லாட்டைத் தோலை, அங்கே அதற்குத் தொட்டி என்று பெயர், குவித்து மலையாக்கினேன். ஈய பொம்மைகளை அதிகாரிகளாக வைத்தேன், உடைத்த பருப்பைச் சிப்பாய்களாக வைத்தேன். கோட்டையில் நான் பிரெஞ்சு, கீழே அஞ்சலை இங்கிலீஷ். பகடைக்கு அவள் ஆறு புளியங்கொட்டையைப் பொறுக்கி, ஒரு பக்கம் பாறையில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டாள். எத்தனை வெள்ளை விழுகிறதோ அது எண்.

நான் சுட்டேன், அவள் சிப்பாய் ஒருவனுக்கு அடி. கோளாறு அட்டவணைக்காக அஞ்சலை புளியங்கொட்டையை வீசினாள். ஒரே ஒரு வெள்ளை.

"தாயம்!" என்று அத்தனை பெண்களும் கத்தினார்கள். அவள் கொட்டைகளை வாரி மறுபடி வீசப் போனாள்.

"இரு, இரு. ஒண்ணு விழுந்தா உன் ஆளு அணைஞ்சிட்டான்."

"தாயம் உழுந்தாதாங்க ஆட்டமே தொறக்கும். ஒங்க ஊர்ல மூடுமா?"

இதற்கு ஐயாயிரம் வருஷத்துக்குப் பிந்திய புத்தகத்தில் பதில் இல்லை. தாயம் போட்டவளுக்கு மறு ஆட்டம் உண்டு என்பதில் ஏழு பேரும் ஒரே உறுதியாக இருந்தார்கள். சரி, கோளாறு என்றால் என்ன என்று அட்டவணையைப் படித்துக் காட்டினேன். அஞ்சலை விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"இதுல வூட்டுக்குப் போறது எங்க?"

"அது இல்ல. இவன் போக முடியாது. மெஷினு மாதிரி."

"இப்பத்தான எங்க பக்கத்து ஆளுங்கன்னு சொன்னீங்க?"

"ஆளுங்கதான். ஆட்டத்துல மெஷினு."

"சோறு யாரு போடறது?"

"சோறு இல்ல."

"சோறு இல்ல, வூட்டுக்கும் போவக்கூடாது. அப்பறம் இன்னாத்துக்கு மல ஏர்றான்?"

"அதிகாரி ஏறச் சொல்றாரு."

"அந்தாளு ஏர்றானா?"

"அவரு ஆறங்குலம் பின்னால நிப்பாரு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மலையே, அதாவது தொட்டி மலையே, சரிந்தது. அஞ்சலை தன் பத்துச் சிப்பாய்களையும் அள்ளினாள். விதைக் கூடையில் போட்டாள். "இவங்க போயிட்டாங்க. ஒங்க தொரைய ஏறச் சொல்லுங்க." இருபது வருஷமாக மேசைப் போர் நடத்துகிறேன், இப்படி ஒரு தோல்வி கண்டதில்லை. எரிச்சலாக இருந்தது. அவள் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் நிலத்துக்காரர் அடுத்த மூட்டையோடு வந்துவிட்டார். "வெதை மல்லாட்டையில இன்னா வெளாட்டு? ஜல்தி ஆவட்டும்" என்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றது. எல்லோரும் குனிந்து உடைக்க ஆரம்பித்தார்கள், அஞ்சலையும்தான். அவர் குடையை விரித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே நின்றார். அவர் நின்ற தூரத்தை என் கண் தானாக அளந்தது. பழக்க தோஷம்.

நான்காம் நாள் காணை. எங்கள் பங்காளி வீடுகளில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நாள். கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் மணக்க, நான் கையைக் கழுவிக்கொண்டு உட்காரப் போனேன். "அதுக்கு முன்னாடி ஓடணும் மச்சான். மூத்த வம்சம் நீங்கதான்" என்று தண்டபாணி என் சட்டையைக் கழற்றினான். கையில் ஒரு பிடி நாற்றைக் கொடுத்தார்கள். ஏரிக்கரையிலிருந்து எங்கள் நாற்றங்கால் வரை வரப்பில் ஓட வேண்டும், வடகிழக்கே திரும்பிப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் சடங்கு. என் உடம்பு இருபது வருஷம் நாற்காலியில் வளர்ந்தது. இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். ஊரே கைதட்டியது. முப்பாட்டன் எதிரியின் மேல் பாய்ந்ததற்கு இது நினைவு என்று எண்ணிக்கொண்டு, விழுந்தபோதும் முகத்தை வீரமாகவே வைத்திருந்தேன்.

கூழ் உள்ளே போன பிறகு கேட்டேன். "எதுக்குடா வடகிழக்கே பார்க்கக் கூடாது?"

"பெருமுக்கல் அந்தப் பக்கந்தான? அங்கேர்ந்துதான ஓடியாந்தாரு."

"யாரு?"

"நம்ம முப்பாட்டன்தான்." கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி. "சண்டைக்குப் புட்ச்சிக்கினு போயிட்டாங்க. இவுரு நாத்து உட்டுட்டுப் போயிருந்தாரு. முத்திப் போனா நடவு போச்சே? துப்பாக்கிய செவுத்துல சாத்தி வெச்சிட்டு வந்துட்டாரு."

"சுபேதாரா இருந்துக்கிட்டா?"

"சுபேதாரும் இல்ல, கிபேதாரும் இல்ல. சிப்பாயி."

"அப்ப லெட்டர்ல எழுதின?"

"நீங்கதான மொதல்ல சுபேதாருன்னு எழுதனீங்க. இல்லன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களே மச்சான்." டூ-இன்-ஒன்னைக் காணைக்கும் தூக்கி வந்திருந்தான். அது பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"திரும்பிப் போனாரா?"

"போயிருந்தா நீங்க ஏது, நான் ஏது?"

எனக்கு அவமானமாக இருந்தது. சேறு காய்ந்த உடம்போடு, கைதட்டிய அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், வருஷா வருஷம் அதற்குத்தான் கூழ் ஊற்றுகிறார்கள். அந்தச் சிப்பாய் ஓடிவந்ததைக் கொண்டாட ஒரு ஊரே இருக்கிறது. அவனை விளக்கு மாதிரி அணைத்து வைக்க நான் ஒருவன் அட்டவணை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் தண்டபாணி மேல் வரவில்லை. இன்னும் ஒரு கும்பா கூழ் வாங்கிக் குடித்தேன்.

திரும்பும் விமானத்தில் மாவீரன் அட்டையை நானே கிழித்தேன், டெரன்ஸுக்கு அந்தச் சிரமம் வேண்டாமென்று. கோளாறு அட்டவணையில் முதல் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'ஒன்று விழுந்தால் வீட்டுக்குப் போகிறான். அடிபட வேண்டியதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் உருட்டலாம். போனவன் திரும்ப வரமாட்டான்.'

டிசம்பரில் டெரன்ஸ் இங்கிலீஷ் படையை எடுத்துக்கொண்டார், கோட்டை எனக்கு. முதல் சுற்றிலேயே என் பக்கம் ஒரு சிப்பாய் கிளம்பினான். "யார் இவன்?" என்றார். "எங்கள் முப்பாட்டன்" என்றேன். சான்று கேட்டார். என்னைக் காட்டினேன். இரண்டாம் சுற்றில் அவர் பக்கம் நாலு பேர். அப்புறம் என் பக்கம், மறுபடி அவர் பக்கம். இதைத் தடுக்க விதி உண்டா என்று புத்தகத்தைப் புரட்டினார். பல் டாக்டர் கொட்டாவி விட்டார். பெரிய மேசை யாருக்கு என்பது அப்போதே முடிவாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனாலும் பகடையை விடாமல் உருட்டினேன்.

ஒன்பதாம் சுற்று முடிந்தபோது, செத்தவர்கள் போக, வீட்டுக்குப் போனவர்கள் போக, மேசையில் இரண்டே அதிகாரிகள். மேலே என் ஆள், கீழே அவர் ஆள். நடுவில் மலை, அடிவாரத்தில் ஒரு பீரங்கி. சுற்றிலும் ஆறங்குலத்துக்கு ஒரு ஜீவன் இல்லை.

"இது ஆட்டமே இல்லை. இப்போது நான் என்ன செய்வது?" என்றார் டெரன்ஸ்.

"பீரங்கியை நீங்களே இழுங்கள்" என்றேன்.